விளிம்பில் '129 பலூச்சி' என்றிருந்தால் அவர் பலூச்சிதானா?

கேள்வி: கோவையில் பழம்பொருள் விற்பவரிடம் இரண்டு பதக்கங்கள் வாங்கினேன். ஒன்று 1914-1918 என்று பொறித்த வெள்ளிப் பதக்கம். அதன் விளிம்பில் ஓர் எண், சிப்பாயின் பெயர், '129 பலூச்சி' என்ற சொற்கள் உள்ளன. மற்றது பர்மா ஸ்டார், இரண்டாம் உலகப்போரின் பர்மா களத்துக்கான பதக்கம். அதன் பின்புறம் '10 பலூச்'. இவை இரண்டும் வெவ்வேறு ரெஜிமென்டுகளா? 129 பலூச் படைகள் இருந்தனவா? இந்தச் சிப்பாய்கள் பலுசிஸ்தான்காரர்களா? குடும்பத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: எண்ணிலிருந்தே தொடங்குகிறேன். 129 பலூச் படைகள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கிச்சனர் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தபோது, 1903இல், வங்காளம், மெட்ராஸ், பம்பாய் என்று தனித்தனியே எண்ணிட்டிருந்த காலாட்படைகளை ஒரே வரிசைக்குள் கொண்டுவந்தார்கள். பம்பாய்ப் படைகளின் பழைய எண்ணோடு நூறு சேர்ந்தது. பம்பாயின் 29ஆம் படை 129 ஆனது அப்படித்தான். மெட்ராஸுக்கு அறுபது சேர்ந்தது. நம் பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 3ஆம் மெட்ராஸ் படை அன்று முதல் 63.

உங்கள் வெள்ளிப் பதக்கத்தின் படை 1846இல் கராச்சியில் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் தளபதி சார்லஸ் நேப்பியர் 1843இல் சிந்துவைப் பிடித்தபின், அந்த மாகாணத்தைக் காவல்காக்க உள்ளூரிலேயே ஆள் சேர்த்தார். 1844இல் முதல் பலூச் பட்டாலியன், 1846இல் இரண்டாவது. அந்த இரண்டாவதுதான் 129. 1922இல் மறுபடி ஒரு சீரமைப்பு நடந்தது. 124, 126, 127, 129, 130 என்ற ஐந்து படைகளும் 10ஆம் பலூச் ரெஜிமென்டின் ஒன்று முதல் ஐந்து வரையிலான பட்டாலியன்களாயின. ஆக, உங்கள் கையில் இருப்பவை ஒரே படைக் குடும்பத்தின் இரண்டு தலைமுறைகள். ஆனால் இருவரும் ஒரே பட்டாலியனில் இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். 129இன் வழிவந்த நான்காம் பட்டாலியன் இரண்டாம் உலகப்போரில் எரித்திரியாவிலும் இத்தாலியிலும் சண்டையிட்டது. பர்மாவில் நின்றவை 5, 7, 16 போன்ற பட்டாலியன்கள். பர்மா ஸ்டார் பெற்றவரை அவற்றில் தேடுவதே பொருத்தம்.

இனி அவர்கள் பலூச்சிகளா என்ற கேள்வி. பெரும்பாலும் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், பலர் பெயரைப் பார்த்து பலுசிஸ்தானில் தேடிக் களைத்துப் போகிறார்கள். தொடக்கத்தில் பலூச்சிகளும் சிந்திகளும் பட்டாணியர்களும் சேர்ந்தார்கள். போகப் போக பலூச்சிகள் குறைந்து, பஞ்சாபி முஸ்லிம்களும் பட்டாணியர்களும் நிறைந்தார்கள். ராபர்ட்ஸ் தலைமைத் தளபதியாக இருந்த காலத்தில் 'போர்க்குலம்' என்ற கொள்கை, அதாவது சில இனத்தவரே சண்டைக்குத் தகுதியானவர்கள் என்ற எண்ணம், ஓங்கியது. 1891-92 வாக்கில் பம்பாயின் 24, 26ஆம் படைகளில் (பின்னாளில் 124, 126) பழைய ஆட்களை விலக்கி வடமேற்கு ஆட்களை நிரப்பி, 'பலுசிஸ்தான்' என்ற பெயரையும் கொடுத்தார்கள். தென்னாட்டவரைப் படையிலிருந்து ஒதுக்கியதும் இதே கொள்கைதான். அது அநியாயம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

சான்றுக்கு இந்த ரெஜிமென்டின் விக்டோரியா சிலுவை (பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருது) வீரர்களையே பாருங்கள். 1914 அக்டோபர் 31. பெல்ஜியத்தில் ஹோலபேக் என்ற ஊருக்கு அருகே 129இன் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் ஜெர்மானியரின் பெருந்தாக்குதலைத் தடுத்துக்கொண்டிருந்தன. ஒன்றைக் குண்டு விழுந்து நொறுக்கியது. ஆங்கிலேய அதிகாரி காயப்பட்டார். மற்றதை இயக்கிய குதாதாத் கான், தானும் காயப்பட்டும், உடனிருந்த ஐவரும் மடியும்வரை சுடுவதை நிறுத்தவில்லை. செத்துவிட்டார் என்று எதிரிகள் விட்டுப்போக, இரவில் ஊர்ந்தே தம் படைக்குத் திரும்பினார். இந்தியச் சிப்பாய்களுக்கும் அந்தச் சிலுவை உண்டு என்று அறிவித்ததே 1911இல்தான். அதை முதலில் பெற்ற இந்தியர் இவர். ஊர், இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபின் சக்வால் பகுதி. 1944 நவம்பரில் பர்மாவின் அரக்கானில் அதே சிலுவையை வென்ற 16ஆம் பட்டாலியனின் பண்டாரி ராம், இமாச்சலத்து பிலாஸ்பூரைச் சேர்ந்த இந்து. ரெஜிமென்டில் டோக்ராக்களுக்கும் (ஜம்மு, இமாச்சல் பக்கத்து மக்கள்) இடம் இருந்தது. 1945 தொடக்கத்தில், அதே அரக்கானில், காங்கா சண்டையில் அந்தப் பட்டாலியனை நடத்திய எல்.பி. சென் வங்காளி.

எனவே தேடலைப் பஞ்சாபில் தொடங்குங்கள். லாகூர் அருங்காட்சியகத்தில் முதல் உலகப்போர்க் காலப் பதிவேடுகள் உள்ளன. போருக்குப் போன சுமார் 3,20,000 பஞ்சாபியரின் விவரம் கிராமவாரியாக அவற்றில் இருக்கிறது. ஒரு பகுதி 2021இல் இணையத்துக்கு வந்தது. விளிம்பில் உள்ள எண்ணையும் பெயரையும் சேர்த்தே தேடுங்கள். பெயர் மட்டும் போதாது, அதே பெயரில் நூற்றுக்கணக்கானோர் வருவார்கள். சிப்பாய் போரில் இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பிழைத்துத் திரும்பியவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். பட்டாலியன் நாளுக்கு நாள் எங்கே இருந்தது என்பதற்கு, லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்புகள் உண்டு. 1947இல் ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. அதன் தலைமையகம் இப்போது அபோட்டாபாத்தில். டோக்ரா வீரர்கள் இந்திய ராணுவத்துக்கு வந்தார்கள். பர்மா ஸ்டாரில் டோக்ராப் பெயர் இருந்தால் தேடல் இமாச்சல், ஜம்மு பக்கம் திரும்ப வேண்டும்.

பதக்கம் வெள்ளியாக இருப்பதும் ஒரு தகவல். போர்ச் சேவகர்களுக்கும் தொழிலாளர் படைகளுக்கும் இதே பதக்கத்தை வெண்கலத்தில் கொடுத்தார்கள். உங்களுடையவர் ஆயுதம் ஏந்திய சிப்பாய். அவர் 1914 நவம்பருக்குள் பெல்ஜியத்திலோ பிரான்ஸிலோ இருந்திருந்தால் அவருக்கு 1914 ஸ்டார் என்ற வெண்கல நட்சத்திரமும் கிடைத்திருக்கும். விற்றவரிடம் அதே எண்ணுள்ள நட்சத்திரம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதற்குமுன் பளபளப்பாக்கும் ஆசையில் விளிம்பைத் தேய்த்துவிடாதீர்கள். எழுத்து மழுங்கினால் அந்த மனிதரைத் தேடும் வழியே அடைபட்டுவிடும். சாய்ந்த வெளிச்சத்தில் விளிம்பைச் சுற்றிலும் படமெடுத்து, எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.