வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரை ஏற்கப்பட்டாயிற்று, இனி எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். ஐந்து மாதம் கழித்து ஐரோப்பாவில் நடக்கும் ஒரு சர்வதேச மாநாட்டில் என் ஆய்வுச்சுருக்கத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். என் துறை சார்ந்து ஓர் அமர்வை ஒருங்கிணைத்துத் தர முடியுமா என்றும் அவர்களே கேட்டிருக்கிறார்கள். வெளிநாடு போவது இதுதான் முதல்முறை. விசா, பணம், கட்டுரை, அமர்வு எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்கு மேல் நிற்கின்றன. போதாக்குறைக்கு வேறு இரண்டு மாநாடுகளிலிருந்து "சிறப்புப் பேச்சாளராக வாருங்கள்" என்று மின்னஞ்சல் வந்துகொண்டே இருக்கிறது. எதை முதலில் கவனிப்பது?

பதில்: ஒரு விஷயத்தை முதலில் மனதில் இருத்திக்கொள்ளுங்கள், மற்ற முடிவுகளெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். உங்கள் கட்டுரையை யார் வேண்டுமானாலும் தன் வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். இவ்வளவு பணமும் நேரமும் செலவழித்து நேரில் போவது, உங்கள் வேலையைப் புரிந்த நாலு பேர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பதற்காக. அந்தக் கேள்வி கிடைக்குமா, அதற்கு நேரம் இருக்குமா, நீங்கள் அந்த அறையில் இருப்பீர்களா. இவைதான் விஷயம்.

இந்தக் கணக்கில் அந்த இரண்டு மின்னஞ்சல்களை உடனே தீர்த்துவிடலாம். உங்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாத தலைப்பு, "மதிப்பிற்குரிய பேராசிரியரே" என்று தொடங்கும் புகழ்ச்சி, அனுப்பிய இரண்டே நாளில் கட்டுரை ஏற்பு, ஒரே அரங்கில் ஒரே நாளில் பத்துப் பதினைந்து வெவ்வேறு துறை மாநாடுகள் என்றெல்லாம் பார்த்தால் கிட்டவே போகாதீர்கள். அங்கே கட்டணம் வாங்குவார்கள், சான்றிதழ் தருவார்கள், கேட்க மட்டும் ஆள் இருக்காது. இது சின்ன ஏமாற்று வேலை இல்லை. ஆய்விதழ்களும் மாநாடுகளும் நடத்தும் ஓமிக்ஸ் என்ற நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019இல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் மேல் செலுத்தச் சொன்னது. இதழ்கள் மட்டுமல்ல, சம்மதிக்காத அறிஞர்களின் பெயர்களைப் பேச்சாளர் பட்டியலில் போட்டு மாநாட்டுக்கு ஆள் சேர்த்ததும் அந்த வழக்கில் குற்றச்சாட்டு. எனவே சந்தேகம் இருந்தால், நிகழ்ச்சிக் குழுவில் பெயர் இருக்கும் ஒருவருக்கு அவருடைய பல்கலைக்கழக முகவரியில் ஒரு வரி எழுதிக் கேளுங்கள். போன வருட நிகழ்ச்சி நிரலைத் தேடிப் பிடித்து, அதில் பேசியவர்களில் யாருடைய கட்டுரையையாவது நீங்கள் படித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒருவரைக்கூடத் தெரியவில்லை என்றால் அது உங்களுக்கான மாநாடு இல்லை. 'திங்க் செக் அட்டெண்ட்' என்று ஒரு இணையதளம் இருக்கிறது, இதே மாதிரியான சோதனைக் கேள்விகளைக் கொடுக்கும், பயன்படுத்துங்கள்.

சரி, உண்மையான மாநாட்டுக்கு வருவோம். முதல் வேலை விசா. கட்டுரை கூட இரண்டாவதுதான். கட்டுரையைக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து முடித்துவிடலாம், விசாவை முடியாது. நீங்கள் போகும் நாடு ஷெங்கன் பகுதியில் இருந்தால் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுப்பு அது; பிரிட்டனும் அயர்லாந்தும் அதில் இல்லை, அங்கே விதிகள் வேறு) பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசியாக 15 நாள் முன்புவரை. முடிவு சொல்ல அவர்களுக்குச் சாதாரணமாக 15 நாள், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள்வரை ஆகலாம். ஆனால் இந்தக் கணக்கில் வராத காத்திருப்பு ஒன்று உண்டு, அது நேர்காணலுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது. கோடை விடுமுறைக்கு முன்னால் பல இடங்களில் வாரக்கணக்கில் இடமே இருக்காது. ஐந்து மாதம் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் கதவு ஏற்கெனவே திறந்தாயிற்று, ஆவணங்களை இந்த வாரமே சேர்க்க ஆரம்பியுங்கள்.

அழைப்புக் கடிதம் வாங்கும்போது பொதுவான கடிதத்தோடு திருப்தி அடையாதீர்கள். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி முழுப்பெயர், பாஸ்போர்ட் எண், மாநாட்டுத் தேதிகள், உங்கள் கட்டுரைத் தலைப்பு, செலவை யார் ஏற்கிறார்கள் என்பது, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். கட்டுரையில் தலைப்பெழுத்தோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்து விரிந்து இன்னொரு பெயர் என்று இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது முக்கியம். இரண்டும் ஒருவரே என்று கடிதத்தில் ஒரு வரி எழுதச் சொன்னால் எழுதித் தருவார்கள். அப்புறம் தேதிகள். மாநாடு 10 முதல் 12 வரை, ஹோட்டல் 9 முதல் 13 வரை, பல்கலைக்கழகம் கொடுத்த விடுப்பு 10 முதல் 14 வரை, காப்பீடு மட்டும் 10 முதல் 12 வரை என்று ஒரு கோப்பு போனால், பார்க்கிற அதிகாரிக்கு நான்கு தாளும் நான்கு கதை சொல்லும். எல்லாத் தாள்களும் ஒரே பயணத்தைச் சொல்ல வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, நீங்கள் தங்கும் எல்லா நாட்களுக்கும், ஷெங்கன் பகுதி முழுவதற்கும் செல்லுபடியாக வேண்டும். பாஸ்போர்ட் நீங்கள் அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பக் கிடைக்காத விமான டிக்கெட்டை வாங்கவே வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி. ஒருவேளை மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கொடுப்பார்கள், மேல்முறையீடும் செய்யலாம்.

பணத்தில் ஒரு பொறி இருக்கிறது, அதை மட்டும் சொல்கிறேன். பயண உதவித்தொகைகளில் பெரும்பாலானவை நீங்கள் செலவு செய்துவிட்டு வந்து ரசீது கொடுத்த பிறகுதான் கைக்கு வரும், அதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம். ஆக, உதவித்தொகை கிடைத்துவிட்டது என்றாலும் முதலில் போடும் பணத்துக்கு வழி பார்க்க வேண்டும். போர்டிங் பாஸைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள், பல இடங்களில் அதையும் கேட்பார்கள். பதிவுக் கட்டணத்தில் மாணவர்களுக்குச் சலுகையோ முழு விலக்கோ உண்டா என்று அமைப்பாளர்களிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்க நாம் கூச்சப்படுகிறோம், ஆனால் பல மாநாடுகளில் இதற்கென்றே ஒரு தொகை ஒதுக்கி வைத்திருப்பார்கள், கேட்டவர்களுக்குப் போகும்.

இனி கட்டுரை. ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 110, 120 சொல். அறையில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழியாக இருக்கலாம், அதைவிட வேகம் கூடாது. 15 நிமிடம் கொடுத்தால் 1,700 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். முனைவர் பட்ட ஆய்வு முழுவதையும் அதில் திணிக்க ஆசை வரும். ஒரு கேள்வி, அதற்கு நீங்கள் கண்ட ஒரு விடை, அதை நம்பவைக்கும் ஓர் ஆதாரம், அவ்வளவுதான் உள்ளே போகும். முந்தைய ஆய்வுகளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் சிலர்தான் அந்த முந்தைய ஆய்வுகளைச் செய்தவர்கள். உங்களுக்கே இன்னும் தீராத சிக்கல் ஒன்று இருக்குமல்லவா, அதை முடிவில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். "இந்த இடத்தில் என் தரவு இரண்டு விதமாகவும் படிக்க இடம் கொடுக்கிறது" என்று சொன்னால், கேள்வி நேரத்தில் பேச்சு நேராக அங்கேதான் வரும். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே.

காப்புரிமை பெறும் எண்ணம் இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. மேடையில் சொன்னாலும் போஸ்டரில் ஒட்டினாலும் அது பொதுவெளியில் வெளியிட்டதாகத்தான் கணக்கு. அமெரிக்காவில் கண்டுபிடித்தவருக்கு ஓராண்டு அவகாசம் உண்டு, ஐரோப்பியக் காப்புரிமையில் அப்படியான பொது அவகாசம் கிடையாது. எனவே விண்ணப்பம் போட்ட பிறகு மேடை ஏறுங்கள்.

ஸ்லைடுகளை அவர்களுடைய கணினியில் போட்டுக் காட்டும்போது எழுத்துரு இல்லாமல் தமிழோ வேறு லிபியோ கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும், எனவே எழுத்துருவைப் பதித்த ஒரு பிடிஎஃப் பிரதி கையோடு இருக்கட்டும். போஸ்டர் என்றால் அளவோடு திசையையும் கேளுங்கள். ஏ0 என்றால் 841க்கு 1189 மில்லிமீட்டர், அதைப் படுக்கைவாட்டில் அச்சடித்துக்கொண்டு போய் நின்றால் நெட்டுக்குத்தாக இருக்கும் பலகையில் ஒட்ட இடம் இருக்காது.

அமர்வை ஒருங்கிணைக்கச் சொன்னதற்கு "சரி" என்றே சொல்லுங்கள். பெரிய வேலைதான், ஆனால் உங்கள் துறையில் யாரோடு பேச ஆசைப்பட்டீர்களோ அவர்களுக்கு எழுத ஒரு நியாயமான காரணம் கிடைக்கிறது. 90 நிமிடம் கொடுத்தால் நான்கு கட்டுரை போடச் சொல்வார்கள், மூன்று போதும் என்று பேசிப் பாருங்கள். கணக்கு எளிது: தலைக்கு 20 நிமிடம் என்று நான்கு பேர் பேசினால் 80 போய்விடும், அறிமுகம், கணினி மாற்றுவது எல்லாம் போக ஐந்து நிமிடம் மிஞ்சினால் அதிசயம். மூன்று பேர், தலைக்கு 18 என்றால் அரை மணி நேரம் உரையாடலுக்குக் கிடைக்கும். பேச்சாளர்களின் வரைவுகளை இரண்டு வாரம் முன்பே வாங்கி ஒருவருக்கொருவர் படிக்கக் கொடுங்கள். ஒருவராவது இன்னொருவரின் கட்டுரையைத் தொட்டுப் பேசினால் அந்த அமர்வு பிழைத்துவிடும்.

நேரம் காட்டும் அட்டைகள் இரண்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஒரு நிமிடத்துக்கு ஒன்று. அட்டை காட்டியும் நிற்காதவர் எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும் எழுந்து நின்று நிறுத்த வேண்டியது அமர்வுத் தலைவர்தான். அது மரியாதைக் குறைவு இல்லை, அடுத்துப் பேசவிருக்கும் மாணவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது. கேள்வி நேரத்தில் முதலில் யாருக்கு ஒலிவாங்கி கொடுக்கிறீர்கள் என்பதிலும் விஷயம் இருக்கிறது. 2018இல் ப்ளாஸ் ஒன் இதழில் வந்த ஓர் ஆய்வு, 10 நாடுகளில் 35 நிறுவனங்களில் நடந்த ஏறத்தாழ 250 கருத்தரங்குகளைக் கவனித்தது. முதல் கேள்வியை ஓர் ஆண் கேட்டால் அதற்குப் பிறகு பெண்களின் கேள்விகள் விகிதத்தில் குறைவதாகக் கண்டது. எனவே முன்வரிசையில் முதலில் உயரும் கைக்கே பழக்கத்தில் போய்விடாதீர்கள், பின்வரிசையில் தயங்கித் தயங்கி உயரும் கையைத் தேடுங்கள். ஒருவருமே கேட்கவில்லை என்றால் கேட்க மூன்று பேச்சாளருக்கும் ஒவ்வொரு கேள்வி உங்கள் பையில் இருக்க வேண்டும், அது கட்டுரையைப் படித்துவிட்டுக் கேட்கும் கேள்வியாக இருக்க வேண்டும்.

உங்கள் அமர்வுக்கு வரும் பேச்சாளர்களுக்கும் விசா கவலை உண்டு. 2018இல் மான்ட்ரியலில் நடந்த நியூரிப்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு மாநாட்டுக்கு வரவிருந்த ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் பலருக்கு விசா மறுக்கப்பட்டது, அவர்களில் பலரால் வர முடியாமலே போனது. இது எனக்கு இன்றும் ஆறாத விஷயம், ஏனென்றால் நல்ல ஆய்வு செய்தும் ஒரு முத்திரை கிடைக்காததால் அந்த அறைக்குள் வர முடியாமல் போகிறது. அழைப்புக் கடிதங்களை எல்லாருக்கும் ஒரே நாளில், சீக்கிரமாக அனுப்பச் சொல்லி அமைப்பாளர்களை விடாமல் நச்சரியுங்கள். ஒருவருக்கு விசா வராவிட்டால் காணொளி வழியாகப் பேச வழி உண்டா, இல்லையென்றால் அவருடைய கட்டுரையை இன்னொருவர் வாசிக்கலாமா என்று முன்பே கேட்டு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். நேரில் வராதவரின் கட்டுரையை மாநாட்டுத் தொகுப்பிலிருந்து நீக்கும் விதி சில துறைகளில் இருக்கிறது, எனவே பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அங்கே போனதும் உங்கள் அமர்வு முடிந்த கையோடு ஊர் சுற்றக் கிளம்பாதீர்கள். 1927இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த சால்வே மாநாட்டில் குவாண்டம் கோட்பாடு பற்றி இயற்பியலாளர்கள் ஐன்ஸ்டைனும் நீல்ஸ் போரும் (Bohr) மோதிக்கொண்டது பெரும்பாலும் அமர்வுகளுக்கு வெளியே, காலை உணவு மேஜையில் தொடங்கி இரவுவரை. நமக்கும் அப்படித்தான், தேநீர் இடைவேளையில் கிடைப்பது அமர்வில் கிடைக்காது. போவதற்கு முன்பே நிகழ்ச்சி நிரலைப் பார்த்து நான்கைந்து பேருக்கு "உங்கள் இந்தக் கட்டுரையைப் படித்தேன், இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம், இடைவேளையில் பத்து நிமிடம் பேசலாமா" என்று எழுதிவிடுங்கள். கூட்டத்தில் தானாகப் போய்ப் பேசக் கூச்சப்படுபவர்களுக்கு இது பெரிய உதவி, அவரே உங்களைத் தேடி வருவார். ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு நிற்கும் நம்மூர்க்காரர் குழுவுக்குள் முழு நாளையும் கழித்துவிடாதீர்கள், அவர்களை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

உங்களிடம் கேட்ட கேள்விகளை உங்களால் எழுதிக்கொள்ள முடியாது, பதில் சொல்லும் பதற்றத்தில் பாதி மறந்துபோகும். அறையில் இருக்கும் ஒரு நண்பரிடம் கேள்வியையும் கேட்டவர் பெயரையும் அப்படியே குறித்துத் தரச் சொல்லுங்கள். திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள் அவர்களில் ஒவ்வொருவருக்கும் நாலு வரி எழுதி, மேடையில் சரியாகச் சொல்ல முடியாத பதிலை நிதானமாகச் சொல்லி, கட்டுரையை அனுப்புங்கள். ரசீதுகளையும் அதே வாரத்தில் கொடுத்துவிடுங்கள்.