ஞாயிறு சாயங்காலம் ராஜினாமா எழுதாதீர்கள்: சபை ஊழியர்களின் கேள்விகளும் பதில்களும்

கிறிஸ்தவ சபை நடத்துகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை எடுத்திருக்கிறேன். உபதேசம் பற்றிய கேள்வி ஒன்றுகூட இல்லை. எல்லாம் களைப்பு, கணக்கு, கல்யாணம், மைக். எனக்கு ஆச்சரியமில்லை. ஊழியர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். கேட்டவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டேன்.

ஐயா, கிராமத்தில் எழுபது பேர் கூடும் சபை. எனக்கு வயது 36. ஞாயிறு இரண்டு ஆராதனை முடித்து வீட்டுக்கு வந்தால் மனைவியோடுகூடப் பேசப் பிடிக்கவில்லை. பழைய வேலைக்கே போய்விடலாம் என்று வாராவாரம் தோன்றுகிறது. கர்த்தர் என்னை ஊழியத்துக்கு அழைத்தார் என்பதே பொய்தானோ?

தம்பி, ஞாயிறு சாயங்காலம் எந்த முடிவும் எடுக்காதீர்கள். ராஜினாமா எழுதியே தீரவேண்டும் என்றால் புதன்கிழமை காலையில், நன்றாகத் தூங்கி எழுந்து, இட்லி சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.

உங்கள் வாரத்தை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். செவ்வாய் வீட்டுக்கூட்டம், புதன் வேதபாடம், வெள்ளி உபவாச ஜெபம், சனி வாலிபர் கூடுகை, மாதம் ஒரு முழு இரவு ஜெபம். இவற்றுக்கு நடுவே ஆஸ்பத்திரி, துக்க வீடு, போலீஸ் ஸ்டேஷன். ஓய்வு என்று ஒரு நாளும் அதில் இல்லை. அழைப்பைச் சந்தேகிக்கும் முன் தூக்கத்தைக் கவனியுங்கள்.

கர்மேல் மலையில் அக்கினி இறங்கி, ஜனங்கள் முகங்குப்புற விழுந்த பிறகுதான் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு சாகவேண்டும் என்று கேட்டார் (1 இராஜாக்கள் 19). தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் வைத்தான், தூங்க விட்டான், மறுபடி தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ‘உனக்கு இங்கே என்ன காரியம்’ என்ற கேள்வி ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வந்தது.

இனிமேல் திங்கட்கிழமை லீவு. அதைச் சபையில் அறிவித்துவிடுங்கள். அன்றைக்குச் சாவோ விபத்தோ என்றால் கூப்பிட ஒரு மூப்பரின் எண்ணைக் கொடுங்கள். வேதபாடத்தை மாதம் இரண்டு வாரம் வேறொருவர் எடுக்கட்டும். உங்களைவிடச் சுமாராகத்தான் எடுப்பார், பரவாயில்லை. ஒருநாள் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று சொல்லும் பெரியவர்கள், தினமும் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டுதான் அதைச் சொல்கிறார்கள்.

நான் போதகரின் மனைவி, பள்ளி ஆசிரியையும்கூட. பெண்கள் ஐக்கியம், ஓய்வுநாள் பாடசாலை, ஆலய அலங்காரம், வரும் பிரசங்கியாருக்குச் சாப்பாடு எல்லாம் ‘அம்மா பார்த்துக்கொள்வார்கள்’ என்று என் தலையில். முடியவில்லை என்றால் ‘பழைய அம்மா செய்தார்களே’ என்கிறார்கள்.

அந்தப் பழைய அம்மாவிடம் யாராவது தனியாகக் கேட்டிருந்தால் அவரும் இதையே சொல்லியிருப்பார்.

சபை நியமன உத்தரவு கொடுத்தது உங்கள் கணவருக்கு. நீங்கள் சபையின் அங்கத்தினர். மற்ற அங்கத்தினர்களைப் போலவே உங்களுக்கு எது வருமோ, எது சந்தோஷமோ, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகளோடு இருப்பது பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஓய்வுநாள் பாடசாலையை வைத்துக்கொண்டு மற்றவற்றை விடுங்கள். பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி நீங்கள்தான் ஆகவேண்டும் என்று உங்கள் சபைச் சட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த தேர்தலில் நிற்காதீர்கள். பிரசங்கியார் சாப்பாட்டுக்குக் குடும்ப வாரியாக முறை போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். ஊழியக்காரருக்குச் சாப்பாடு போட ஆசைப்படும் வீடுகள் எல்லாச் சபையிலும் உண்டு. யாரும் கேட்காததால் சும்மா இருக்கிறார்கள்.

ஒரு வார்த்தை உங்கள் கணவருக்கு. ஐயா, இதைக் கமிட்டியில் சொல்லவேண்டியது நீங்கள். அம்மா வாயால் சொன்னால் அது முறைப்பாடாகக் கேட்கும். ‘என் வீட்டார் இந்த வருஷம் இதை மட்டும் செய்வார்கள்’ என்று நீங்கள் சொன்னால் மினிட்ஸில் ஏறும்.

ஆலயக் கட்டுமான நிதியில் நான் கை வைத்துவிட்டதாக ஒருவர் சபை வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார். ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. அழுது ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். கர்த்தர் என் நீதியை வெளிப்படுத்தட்டும் என்று அமைதியாக இருந்துவிடவா?

ஜெபியுங்கள். கூடவே வவுச்சர் ஃபைலையும் எடுத்து வையுங்கள்.

நீங்கள் எடுக்கவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் நீங்கள் அனுப்பிய ஆலயப் புகைப்படத்தில் பிரசங்க பீடத்துக்குப் பக்கத்துத் தூணில் லேமினேட் செய்த க்யூஆர் கோடு ஒன்று ஒட்டியிருக்கிறது. அதன் கீழே இருப்பது உங்கள் பெயர், உங்கள் சொந்த எண். சபையார் ‘ஆலயக் கட்டடத்துக்கு’ என்று போட்ட பணமும், உங்கள் மாமனார் பேரனின் ஸ்கூல் ஃபீஸுக்கு அனுப்பிய பணமும் ஒரே கணக்கில் வந்து விழுகின்றன. நேர்மையானவர் என்றாலும் அதை நீங்கள் எப்படி நிரூபிப்பீர்கள்?

எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. உடன் ஊழியரான தீத்துவோடு சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரையும் சேர்த்து அனுப்பினார். ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு என்று காரணமும் எழுதிவைத்தார் (2 கொரிந்தியர் 8). அப்போஸ்தலனுக்கே சாட்சி தேவைப்பட்டது என்றால் நமக்கு எம்மாத்திரம்.

குழுவில் பதில் எழுதாதீர்கள். அங்கே எழுதும் ஒவ்வொரு வரியும் ஸ்கிரீன்ஷாட்டாக ஊர் சுற்றும். பத்து நாளுக்குள் சபைக் கூட்டம் கூட்டுங்கள். முதல் நாளிலிருந்து வரவு செலவைச் சரிபார்க்க மூன்று பேரைச் சபையே தெரிந்தெடுக்கட்டும். குற்றம் சாட்டியவர் அதில் ஒருவராக இருக்கட்டும். இது பலருக்குக் கசக்கும், ஆனால் வேலை செய்யும். சிமெண்ட் பில்லையும் கம்பி பில்லையும் தானே கூட்டிப் பார்த்தவர் பிறகு வெளியே பேசுவது அபூர்வம். கூட்டிப் பார்த்தும் இடிக்கிறது என்றால் அது வெளியே வரவேண்டிய விஷயம்தான்.

இந்த வாரமே அந்தத் தூணில் இருப்பதைக் கிழித்துவிட்டு டிரஸ்ட் அல்லது சொசைட்டி பெயரில், அதன் பான் எண்ணோடு கணக்குத் தொடங்குங்கள். காசோலைக்கு இரண்டு கையெழுத்து. கட்டட நிதிக்குத் தனிக் கணக்கு. ஞாயிறு காணிக்கையை உறவில்லாத இரண்டு பேர், ஆராதனை முடிந்த கையோடு, மேசைமேல் கொட்டி எண்ணவேண்டும். 500 எத்தனை, 200 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை பாங்கில் கட்டி, சலானை அந்தத் தாளோடு சேர்த்துப் பின் அடிக்கவேண்டும். உங்கள் கையும் உங்கள் வீட்டார் கையும் அந்த மேசைக்கே வரக்கூடாது. மாதக் கணக்கு போர்டில் தொங்கட்டும். யாரும் படிக்கமாட்டார்கள், அது தொங்குவதே போதும்.

எங்கள் சபைப் பிள்ளை ஒருவர் கனடாவில் குடியுரிமை வாங்கிவிட்டார். ஆலயக் கூரைக்கு 3 லட்சம் அனுப்புகிறேன் என்கிறார். என் சொந்தக் கணக்கில் வாங்கிச் சபைக்குக் கொடுத்துவிடலாமா?

கூடாது. அவர் நம் ஊர்ப் பிள்ளைதான். ஆனால் இந்தியக் குடியுரிமை போய்விட்டதால் ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும் அவர் தருவது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத சபை அதை வாங்க முடியாது. பதிவு இருந்தாலும் பணம் முதலில் புதுதில்லியில் ஸ்டேட் பாங்க் பிரதான கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வரவேண்டும். இதுவே துபாயில் இந்திய பாஸ்போர்ட்டோடு வேலை பார்க்கும் ஒருவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட்டின் நகலை வாங்கி ஃபைலில் வையுங்கள். சொந்தக் கணக்கு வழியாகச் சுற்றிவிடும் யோசனையை ஆடிட்டரே சொன்னால் ஆடிட்டரை மாற்றுங்கள்.

ஓய்வுநாள் பாடசாலையில் ஒன்பது வயதுப் பிள்ளை, சபையில் ஒருவர் தன்னைத் தொட்ட விதத்தைப் பற்றி என்னிடம் சொன்னாள். மூப்பர்கள், ‘முதலில் நாம் விசாரிப்போம், சபை மானம் போகும்’ என்கிறார்கள்.

விசாரிப்பது மூப்பர்களின் வேலை இல்லை. இன்றைக்கே குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள் அல்லது காவல் நிலையத்துக்குப் போங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இப்படி ஒன்று தெரிந்த எவரும் புகார் கொடுத்தே ஆகவேண்டும். மறைத்தால் அதற்கே சிறைத்தண்டனை உண்டு.

பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதிவையுங்கள். அவள் பெயரை ஜெபக் குறிப்பாகக்கூட எவரிடமும் சொல்லாதீர்கள். அந்த ஆள் அவளிடம் ஆலயத்தில் வைத்து மன்னிப்புக் கேட்பது, இருவருக்கும் கைவைத்து ஜெபிப்பது போன்றவற்றுக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். வழக்கு முடியும்வரை அவர் பிள்ளைகள் இருக்கும் எந்த வேலையிலும் இருக்கக்கூடாது. சபை மானத்தைப் பற்றிப் பேசும் மூப்பரிடம், மத்தேயு 18-ல், சிறியவரை இடறப்பண்ணுகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டும் வசனம் யாரைப் பற்றியது என்று மட்டும் கேளுங்கள்.

எந்தப் பெரிய திருச்சபையையும் சேராத சுயாதீன சபை நடத்துகிறேன். சபை வாலிபன் ஒருவன் கல்யாணம் நடத்தி வைக்கக் கேட்கிறான். பெண் வீட்டார் இன்னும் இரட்சிக்கப்படவில்லை, அதாவது கிறிஸ்தவர்கள் இல்லை; பெண் மட்டும் ஆராதனைக்கு வருகிறாள். நடத்தலாமா?

முதலில் உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறதா? 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் கல்யாணம் நடத்திவிட முடியாது. பேராயர்களால் அபிஷேகம் பெற்ற சபைக் குருமார்கள் ஒருபுறம் இருக்க, உங்களைப் போன்றவர்கள் அரசிடம் உரிமம் வாங்கியிருக்கவேண்டும். அதிகாரம் இல்லாமல் நடத்தினால் பத்து ஆண்டுவரை சிறை என்று அந்தச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு சொல்கிறது. பைபிள் காலேஜ் சர்டிபிகேட் உரிமம் ஆகாது.

இருவரில் ஒருவராவது கிறிஸ்தவராக இருந்தால் அந்தச் சட்டத்தில் கல்யாணம் நடக்கலாம். அதனால் பெண் ஞானஸ்நானம் எடுக்காதது தடையில்லை. கல்யாணத்துக்காக அவசர அவசரமாகத் தண்ணீரில் இறக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழில் பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 முடிந்திருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். உரிமம் இல்லையென்றால், உரிமம் உள்ள பக்கத்து ஊர் போதகரை அழைத்து அவர் நடத்தட்டும், நீங்கள் பிரசங்கம் பண்ணுங்கள். அல்லது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ் கொடுத்து சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிட்டு, ஆலயத்தில் நன்றி ஆராதனை வைக்கலாம். பெண் வீட்டில் போய் ஒரு தடவையாவது உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வாருங்கள். பாஸ்டர் என்றால் பெண்ணைக் கடத்துகிறவர் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

நாலு குடும்பம் டவுனில் இருக்கும் பெரிய சபைக்குப் போய்விட்டது. மீதி 22 பேர். பிரசங்க பீடத்தில் நின்றால் காலி நாற்காலிதான் தெரிகிறது.

போனவர்களைப் பற்றிப் பீடத்திலிருந்து பேசாதீர்கள், மறைமுகமாகக்கூட. 22 பேரும் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள், மத்தியானமே செய்தி போய்விடும். ஒருமுறை வீட்டுக்குப் போய், எதனால் போனீர்கள் என்று கேட்டுவிட்டு, தர்க்கம் பண்ணாமல் ஜெபித்துவிட்டு வாருங்கள். வேறு சபையில் சேர மாற்றுக் கடிதம் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

நாற்காலி விஷயம் சுலபம். 30 நாற்காலி மட்டும் போட்டுவிட்டு மிச்சத்தை அடுக்கி வைத்துவிடுங்கள். 22 பேர் என்றால் ஒவ்வொருவர் வீட்டு விவரமும் உங்களுக்குத் தெரியும், யாருக்கு எப்போது டயாலிசிஸ் என்றும் தெரியும். பெரிய சபைப் போதகர் அதற்கு ஏங்குகிறார். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது திருநெல்வேலிச் சபையார் வசதியானவர்கள் இல்லை. இந்தியப் பணம், இந்திய ஊழியர் என்று தீர்மானித்து, ஹைதராபாத் நிஜாம் நாட்டு தோர்ணக்கல் வரைக்கும் ஆளை அனுப்பினார்கள். முன்நின்ற அசரியா 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அவர் பிறந்த வெள்ளாளன்விளை ஒரு தேரிக்காட்டுக் கிராமம்.

குடியிருப்புப் பகுதியில் வாடகைக் கட்டடம். மைக் சத்தம் என்று பக்கத்து வீட்டார் போலீஸில் புகார். இது உபத்திரவம் இல்லையா?

சில ஊர்களில் சத்தம் ஒரு சாக்குத்தான், உண்மை. ஆனால் நீங்களே எழுதியபடி ஆறுக்கு இருபது அடி அறையில் இரண்டு பெரிய ஸ்பீக்கர், டிரம்ஸ் செட். சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை. இதை உபத்திரவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனியில் ஒரு பெந்தெகொஸ்தே சபைமேல் குடியிருப்போர் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றம்வரை போய் 2000-ல் தீர்ப்பானது. ஒலிபெருக்கியாலும் மேளத்தாலும் அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்கவேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது நீதிமன்றம். சபை தோற்றது. அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கியே கூடாது. முழு இரவு ஜெபத்துக்கும் இது பொருந்தும்.

இருபது பேர் உள்ள அறையில் பிரசங்கத்துக்கு மைக்கே வேண்டாம். டிரம்ஸுக்குப் பதில் கஹோன் (கையால் தட்டும் மரப்பெட்டி) அல்லது தபேலா. ஸ்பீக்கர் வேண்டும் என்றால் ஒன்று போதும், அதையும் பொதுச் சுவரிலிருந்து விலக்கி, சபையாரைப் பார்த்து வையுங்கள். போனில் டெசிபல் மீட்டர் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு, பாடல் நேரத்தில் வாசலுக்கு வெளியே நின்று பாருங்கள், துல்லியமாக இராது, ஆனாலும் ஒரு நிதானம் தெரியும். பிறகு ஆராதனை நேரங்களை ஒரு தாளில் எழுதி, உங்கள் எண்ணையும் போட்டு, பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். சத்தம் அதிகமானால் ஸ்டேஷனுக்குப் போகும் முன் எனக்கு ஒரு போன் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஆராதனை நடுவில் போன் வந்தால் ஒலியைக் குறைக்க ஒரு வாலிபனை மிக்ஸர் பக்கத்தில் உட்கார வைத்து, உங்கள் போனை அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.