மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் விண்வெளி நிலையத்தில் இன்னொரு கலம் எப்படி மோதாமல் போய் இணைகிறது?

முதலில் அந்த 28,000ஐ மறந்துவிடுங்கள், அது தரையில் நிற்கிற நமக்குத்தான். எனக்குப் பாம்பன் பக்கம். ஓடிக்கொண்டிருக்கும் விசைப்படகிலிருந்து பக்கத்துப் படகுக்கு டீசல் கேன் கைமாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: இரண்டும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் ஓடினால் நடுவில் உள்ள இரண்டு முழ இடைவெளிதான் கணக்கு.

ஆனால் படகுக் கணக்கு அதோடு சரி. முன்னால் போகிற படகைப் பிடிக்க எஞ்சினைக் கூட்டுவோம் இல்லையா, சுற்றுப்பாதையில் அப்படிச் செய்தால் காரியம் கெட்டது. வேகம் கூட்டினால் கலம் மேலே ஏறும், மேலே வட்டமும் பெரிது, ஓட்டமும் மந்தம், கடைசியில் பின்தங்கித்தான் போகும். 1965இல் அமெரிக்காவின் ஜெமினி 4 விண்கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட், தன்னை ஏற்றி வந்த ராக்கெட்டின் இரண்டாம் கட்டம் பக்கத்தில் மிதக்கிறதே என்று அதை நோக்கி நேராக விட்டுப் பார்த்தார். எரிபொருள் கரைந்ததுதான் மிச்சம், முயற்சியையே கைவிட்டார்கள்.

அதனால் துரத்தும் கலத்தை நிலையத்துக்குக் கீழே, சின்ன வட்டத்தில் ஓடவிடுவார்கள். சுமார் 400 கிமீ உயரத்தில் இருக்கும் நிலையம் ஒரு சுற்றுக்கு 90 நிமிடத்தை ஒட்டி எடுத்துக்கொள்ளும், கீழே ஓடுவது அதைவிடச் சீக்கிரம் சுற்றிவிடும், இப்படிச் சுற்றுக்குச் சுற்று இடைவெளி குறையக் குறையக் கலத்தைப் படிப்படியாக மேலே ஏற்றுவார்கள்.

கடைசி சில மீட்டர்தான் வயிற்றைக் கலக்கும் இடம். நம் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் இணைப்புச் சோதனையையே எடுங்கள். 2024 டிசம்பர் 30 அன்று ஏவிய, ஒவ்வொன்றும் சுமார் 220 கிலோ உள்ள இரண்டு செயற்கைக்கோள்கள். நெருங்கும்போது நினைத்ததைவிட அதிகமாக விலகி நகர்ந்ததால் குறித்த நாள் தள்ளிப்போய், 2025 ஜனவரி 16 அன்றுதான் இணைந்தன. அன்று 15 மீட்டரில் இருந்து 3 மீட்டருக்கு வந்து நின்று, அப்புறம்தான் தொட்டது. தொடும் வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் என்று திட்டம். எறும்பு ஜெயித்துவிடும்!

தொட்டவுடன் வேலை முடிவதில்லை. முதலில் மெதுவான பிடி: அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்து டிராகன் மாதிரியான கலத்தில் முன்னால் நீட்டிய வளையம் அதிர்வை வாங்கிக்கொள்ளும், ரஷ்யாவின் சோயுஸில் ஒரு கம்பி எதிரே உள்ள கூம்புக்குள் நுழைந்து மாட்டும். ஆட்டம் அடங்கியதும் உள்ளே இழுத்து, கொக்கிகளைப் பூட்டி காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம் நசுங்க இறுக்குவார்கள். சிக்னஸ் சரக்குக் கலத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை, பக்கத்தில் வந்து நின்றால் போதும், நிலையத்தின் இயந்திரக் கை பிடித்துக் கொண்டுபோய்ப் பொருத்திவிடும்.

2025 ஜூன் 26 அன்று நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா போன டிராகன் நம் நேரப்படி மாலை 4 மணி வாக்கில் இணைந்தது. நேரலை பார்த்த எங்கள் வீட்டில், ஒட்டி இவ்வளவு நேரமாச்சு, கதவை ஏன் திறக்க மாட்டேன் என்கிறார்கள் என்று ஒரே கேள்வி. இரண்டு கதவுகளுக்கும் நடுவில் உள்ள இடத்தில் காற்றை நிரப்பி, அழுத்தம் இறங்குகிறதா, எங்காவது கசிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது.