கனடாவில் கால்நடை மருத்துவராக எத்தனை வருடம் ஆகும்?

தம்பி, கோவையிலிருந்து ஒன்டாரியோ மாகாணத்தின் பிராம்ப்டனுக்குக் குடும்பத்தோடு பிஆரில் (நிரந்தரக் குடியுரிமை விசாவில்) வந்திருக்கிறீர்கள். பதினோராம் வகுப்பில் இருக்கும் மகள் கால்நடை மருத்துவராக ஆசைப்படுகிறாள். எத்தனை வருடம் ஆகும், பேசாமல் ஊருக்கே அனுப்பிப் படிக்க வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நாமக்கல்லில் படித்துவிட்டு வந்து ஒன்டாரியோவில் இதே தொழிலில் இருப்பவன். இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு குறைந்தது 6 வருடம். பெரும்பாலும் ஏழு, எட்டு ஆகிவிடும். நம் ஊரில் பிளஸ் டூ முடித்ததும் நேராகச் சேர்ந்து, இன்டர்ன்ஷிப்பையும் சேர்த்து ஐந்தரை வருடத்தில் வெளியே வந்துவிடலாம். ஒன்டாரியோவில் அப்படிச் சேர முடியாது. குவெல்ஃபில் உள்ள ஒன்டாரியோ கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே 2 வருடமாவது பல்கலைக்கழகத்தில் முழுநேரமாகப் படித்திருக்க வேண்டும். மரபியல், உயிர்வேதியியல், புள்ளியியல் என்று அவர்கள் கேட்கும் பாடங்களையும் முடித்திருக்க வேண்டும். அதன் பிறகு டி.வி.எம். என்ற கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு 4 வருடம். கடைசி வருடத்தில் நாவ்லி (NAVLE) என்ற 360 கேள்விகள் கொண்ட வட அமெரிக்க உரிமத் தேர்வு. அதில் தேறி மாகாண உரிமம் வாங்கினால் உடனே வேலை பார்க்கலாம். அறுவை, இதயம் என்று சிறப்பு மருத்துவம் வேண்டுமென்றால் இன்டர்ன்ஷிப், ரெசிடென்சி என்ற சிறப்புப் பயிற்சி என்று இன்னும் நான்கு வருடம் போல ஆகும். அதை இப்போது நினைக்க வேண்டாம்.

ஆறு ஏன் எட்டாகிறது? இடம் குறைவு. நாடு முழுவதற்கும் ஐந்தே கல்லூரிகள்தான், அவையும் பெரும்பாலும் தங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கே இடம் தருகின்றன. கால்கரி கல்லூரி ஆல்பர்ட்டா மாகாணத்துக்காரர்களுக்கு, கியூபெக்கில் சான்-இயாசான்ட் கல்லூரியில் பாடமே பிரெஞ்சில்தான். ஆகவே உங்கள் மகளுக்குக் குவெல்ஃப்தான் முதல் வாசல். இரண்டாம் வருட முடிவில் இடம் கிடைக்காதவர்கள் நாலு வருடப் பட்டத்தை முடித்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கிறார்கள். என்னோடு வேலை செய்யும் நல்ல மருத்துவர்களில் அப்படி வந்தவர்கள் உண்டு. முதல் தடவை கிடைக்கவில்லையென்றால் தயவுசெய்து வீட்டில் அதைத் தோல்வி என்று பேசாதீர்கள்.

ஊருக்கு அனுப்புவது பற்றி: இங்கே வாழப் போகிற பிள்ளையை வருடம் மிச்சமாகும் என்று அனுப்பாதீர்கள். மிச்சமாகாது. இந்தியக் கல்லூரிகள் எதற்கும் வட அமெரிக்க அங்கீகாரம் இல்லாததால், படித்துவிட்டு வந்தாலும் தேசியத் தேர்வு வாரியத்தின் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். அடிப்படை அறிவியல் தேர்வு, நாவ்லி, முதற்கட்ட அறுவைத் தேர்வு, கடைசியாகப் பல நாள் நடக்கும் செய்முறைத் தேர்வு. மயக்க மருந்து, எக்ஸ்ரே, பிரேதப் பரிசோதனை, குதிரை என்று தனித்தனியாகச் சோதிப்பார்கள். மாடும் ஆடும் கோழியும் பார்த்து வளர்ந்த எனக்குக் குதிரைப் பிரிவுதான் பெரும்பாடாக இருந்தது. கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர். தேறும்வரை மருத்துவராக வேலை பார்க்க முடியாது. நான் கிளினிக்கில் உதவியாளராக இருந்துதான் குடும்பத்தை ஓட்டினேன். அந்தப் படிப்பு எனக்கு எல்லாம் கொடுத்தது, அதன் தரத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இங்கேயே படிக்க வாய்ப்புள்ள பெண்ணுக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை.

இன்னொன்று. அவளுக்குப் பிடித்தது பூனை, நாய் மட்டுமா என்று பாருங்கள். படிப்பில் மாடு, பன்றி எல்லாம் வரும். வேலையில் சேர்ந்த பிறகு, வலி தாங்காத நாய்க்குக் கடைசி ஊசி போட்டுவிட்டு, அழுகிற குடும்பத்தின் பக்கத்தில் நிற்க வேண்டிய நாளும் வரும். பள்ளி டிப்ளமோவுக்கு 40 மணி நேரச் சமூக சேவை எப்படியும் வேண்டும். அதை விலங்குக் காப்பகம் ஒன்றில் செய்யட்டும். அப்புறம் ஒரு கிளினிக்கில் தொடர்ந்து போய்வரட்டும். விண்ணப்பத்துக்குக் கால்நடை மருத்துவர் ஒருவரின் பரிந்துரையும் வேண்டும். அவளை நன்றாகத் தெரிந்தவர் எழுதினால்தான் அதற்கு மதிப்பு.

எட்டு வருடம் அதிகமென்று அவளுக்கே தோன்றினால், கால்நடை மருத்துவருக்குத் துணையாக வேலை செய்யும் வெட்னரி டெக்னீஷியனுக்கான 2 வருட டிப்ளமோ இருக்கிறது. பிராம்ப்டனிலேயே ஷெரிடன் கல்லூரியில் உண்டு. மரியாதையான வேலை, எங்கள் கிளினிக் அவர்களால்தான் ஓடுகிறது.

இப்போதைக்குப் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரைப் பார்த்து, பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் எல்லாம் பல்கலைக்கழக நிலைப் பாடங்களாக இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வேதியியலை விட்டுவிட்டால் பிறகு அதற்கென்றே ஒரு வருடம் போகும்.