கேள்வி நேரம்: பாட்டு ரசிகைக்கு மட்டும் ஏன் பரீட்சை?

கேள்வி: நான் படிவம் 4 மாணவி. லாபிஸ் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். கொரியப் பாட்டுக் குழு பிடிஎஸ் பாட்டைப் போட்டாலே மாமா, "மூஞ்சியைப் பார்த்து மயங்கிக் கத்துற கூட்டம், உங்களுக்கு இசையைப் பத்தி என்ன தெரியும்?" என்கிறார். தமிழ்ப் பாட்டு இல்லையா என்றும் திட்டு.

பதில்: மாமாவின் வசவுக்கு வயது 180 ஆகிறது, தங்கச்சி. ஐரோப்பாவில் ஃபிரான்ஸ் லிஸ்ட் பியானோ வாசித்த காலத்தில் அவருடைய கைக்குட்டைக்கும் கையுறைக்கும் பெண்கள் முண்டியடித்தார்கள். கவிஞர் ஹைன்ரிக் ஹைன 1844-ல் அதற்கு ஏதோ நோய் மாதிரி 'லிஸ்டோமேனியா' என்று பெயர் வைத்தார். இன்று லிஸ்டைச் செவ்வியல் மேதை என்கிறோம். அவரை முதலில் கொண்டாடியவர்களுக்கு மட்டும் பைத்தியம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. கூட்டமாகக் கத்தும் பெண்கள்மேல் ஒட்டப்படும் 'ஹிஸ்டீரியா' என்ற சொல்லின் வேர், கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். விடிகாலை 3 மணிக்கு மாமாக் உணவுக் கடையில் பந்தாட்டம் பார்த்து ஒரு கோலுக்கு மேசையைத் தட்டி அலறுகிறவர்களைப் பார்த்து அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை.

'கத்தினால் பாட்டு எப்படிக் கேட்கும்' என்பது அடுத்த குற்றச்சாட்டு. நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 1965 ஆகஸ்டு 15 அன்று பீட்டில்ஸ் பாடியபோது சுமார் 55,000 பேர் கூடியிருந்தார்கள். கித்தார்களுக்கு இருந்தவை 100 வாட் ஆம்ப்ளிஃபையர்கள். பாட்டு போனது பேஸ்பால் அறிவிப்புக்காகப் பொருத்திய ஒலிபெருக்கிகள் வழியாக. பாடுகிறவர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்க இன்று மேடையில் இருக்கும் மானிட்டர் அன்றைக்குக் கிடையாது. கருவி போதாமல் போனதற்கும் சேர்த்துப் பழி விழுந்தது பெண் பிள்ளைகள் தலையில்.

உங்கள் கூட்டம் கத்துவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மாமாவை உட்காரவைத்து ஒரு நேரடி நிகழ்ச்சிப் பதிவைப் போடுங்கள். பாடத் தொடங்குமுன் வரும் இசையில் ரசிகைகள் கிம் நம்ஜூன், கிம் சோக்ஜின், மின் யூன்கி, ஜங் ஹோசோக், பார்க் ஜிமின், கிம் தேஹ்யுங், ஜியோன் ஜங்குக் என்று ஏழு பெயர்களையும் வரிசை மாறாமல் சொல்லி, 'பிடிஎஸ்' என்று முடிப்பார்கள். ஒரு அடி பிந்தினால் முதல் வரியில் போய் முட்டும். தாளம் தெரியாத கூட்டத்தால் அது ஆகாது. கையால் தட்டிக் காட்டுங்கள், மாமாவையும் தட்டச் சொல்லுங்கள்.

'ஐந்து பாட்டுப் பேர் சொல்லு' என்ற பரீட்சைக்கு மட்டும் உட்காராதீர்கள். ஐந்து சொன்னால் பத்து கேட்பார்கள். "நீங்க போட்டிருக்கிற பந்தாட்ட ஜெர்சிக்கு யாராவது பரீட்சை வச்சாங்களா மாமா?" என்று சிரித்தபடி கேட்டால் போதும். தமிழ்ப் பாட்டையும் கேளுங்கள். கொரியப் பாட்டு அதன் இடத்தைப் பிடுங்கிவிடாது.

கேள்வி: வயது 44. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறேன். கைப்பேசி உறையில் எனக்குப் பிடித்த பாடகர் படம் இருக்கிறது. "பிள்ளை வயசுப் பையன் மேல ஆசையா?" என்று லயத்து வீடுகளில் கேலி. மகளும் வெட்கப்படுகிறாள்.

பதில்: பதினாறில் 'புத்தி முற்றவில்லை' என்கிறார்கள், நாற்பத்து நான்கில் 'இன்னுமா முற்றவில்லை' என்கிறார்கள். அப்படியானால் ரசிகையாக இருக்க எந்த வயது சரி என்று கேட்டுப் பாருங்கள் அக்கா, பதில் வராது. பெண்ணுக்கு ஒரு குரல் பிடித்தால் உடனே அதைக் காமக் கணக்கில் எழுதிவிடுவது பழைய பழக்கம். இருபது வயதுப் பந்தாட்டக்காரனின் பெயரை முதுகில் போட்டுத் திரியும் ஐம்பது வயது அண்ணனை யாரும் அப்படிக் கேட்பதில்லை. கொரியாவில் 2020-ல் 'மிஸ்டர் ட்ராட்' பாட்டுப் போட்டியை வென்ற லிம் யங்-வூங்கைத் தூக்கி நிறுத்தியவர்களில் ஐம்பது, அறுபது தாண்டிய அம்மாமார் ஏராளம். நிகழ்ச்சிக்கு ஒரே நிறச் சட்டையில் வந்து உட்காருவார்கள்.

மகள் விஷயம் வேறு. அவளுக்கு வெட்கம் பாட்டினால் வருவதாகத் தெரியவில்லை, தோழிகள் முன்னால் வருகிறது. அவள் பதிவுகளுக்குக் கீழே நீங்கள் கருத்துப் போடுவதில்லை, உங்கள் உறையை அவள் கேலி செய்வதில்லை என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். செலவைத் தனி டப்பாவில் வையுங்கள். மாதம் 50 வெள்ளி என்றால் ஆறு மாதத்தில் 300. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியில் இதற்கு மேல் போனால் கேலி செய்கிறவர்களுக்கு நாமே காரணம் கொடுத்தது போலாகும்.

கேள்வி: அம்மாவுக்கு 63. எஸ்.பி.பி. பாட்டென்றால் உயிர். புக்கிட் ஜாலிலில் நடக்கும் இசை நிகழ்ச்சிக்குப் போகணும் என்கிறார். இந்த வயதில் கூட்டத்தில் போய் ஆடினால் ஊர் என்ன சொல்லும்?

பதில்: எஸ்.பி.பி. தமிழ்ப் படத்தில் பாட ஆரம்பித்த 1969-ல் உங்கள் அம்மா சின்னப் பிள்ளை. அவர் குரலோடு வளர்ந்தவர். ஊர் பேச்சை விடுங்கள், தம்பி. கவலைப்பட வேண்டியது முழங்காலுக்கும் காதுக்கும்.

டிக்கெட் எடுக்குமுன் இருக்கை வரைபடத்தைப் பாருங்கள். நின்று பார்க்கும் பகுதி வேண்டாம். நடைபாதை ஓர இருக்கையாக எடுத்தால் கழிவறைக்கு எழுந்து போக எளிது. பஸ்ஸில் கோலாலம்பூரின் டிபிஎஸ் பேருந்து முனையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே பண்டார் தாசேக் செலாத்தான் எல்ஆர்டி நிலையம். அங்கிருந்து முதல் நிறுத்தம் சுங்கை பெசி, இரண்டாவது புக்கிட் ஜாலில். கடைசி ரயில் நேரத்தையும் அன்றிரவு தங்குமிடத்தையும் முன்பே உறுதி செய்யுங்கள், ஊர் திரும்ப நள்ளிரவில் பஸ் தேடி அலையக் கூடாது.

காதுக்குப் பஞ்சு போதாது. 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம் என்பது தொழிற்சாலைகளில் பின்பற்றும் ஓர் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான். மருந்துக் கடையில் நுரை அடைப்பான் கிடைக்கும். அதை விரலால் ஒல்லியாக உருட்டி, மறுகையால் தலைக்குப் பின்பக்கமாகக் காதின் மேல்நுனியை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, அது விரியும்வரை சுமார் 30 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பலர் இழுக்காமலே செருகுவார்கள், பாதியிலேயே கழன்று விழும்.

கேள்வி: மகள் போட்டோகார்டு (பாடகர் படம் அச்சிட்ட சிறிய அட்டை) வாங்க 120 வெள்ளி அனுப்பி ஏமாந்தாள். இந்த ரசிகர் கூத்தே வேண்டாம் என்று நிறுத்திவிடலாமா?

பதில்: பழைய மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டி ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை மோட்டார் ஓட்டாதே என்று சொல்வதில்லை. பணம் போன உடனே மோசடிப் புகார் எண் 997-க்கு அழைத்திருக்க வேண்டும், வங்கிக்கும் சொல்ல வேண்டும். தாமதமானால் பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவிவிடும். இனிமேல் வாங்குமுன் விற்கிறவரின் கணக்கு எண்ணைப் மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அட்டையோடு அன்றைய தேதியையும் மகள் பெயரையும் எழுதிய தாளைச் சேர்த்து, அட்டையைச் சாய்த்துத் திருப்பிக் காட்டும் வீடியோவைக் கேட்கட்டும். படம் மட்டும் அனுப்புகிறவர் இன்னொருவர் படத்தைத் திருடியிருக்கலாம். அட்டை பொதுவாக 5.5-க்கு 8.5 சென்டிமீட்டர், அளவுகோல் வைத்துக் காட்டினால் போலி சில சமயம் அங்கேயே தெரியும்.

கேள்வி: நான் பையன், 19. எனக்கும் கொரியப் பெண்கள் பாட்டுக் குழு பிளாக்பிங்க் பிடிக்கும். வெளியே சொல்லலாமா?

பதில்: சொல்லுங்கள். சொன்னதும் சிலர், 'பொம்பளப் பிள்ளை மாதிரி' என்பார்கள். அதில் திட்டு யாருக்கு என்று கவனியுங்கள்.