இரண்டு டி20 உலகக் கோப்பை வென்ற வெஸ்ட் இண்டீஸ், ஒருநாள் போட்டியில் மட்டும் ஏன் இப்படி விழுந்தது?

கேள்வி நியாயமானது. 2012-லும் 2016-லும் டி20 உலகக் கோப்பையைத் தூக்கிய அணி, 2023-இல் இந்தியாவில் நடந்த ஐம்பது ஓவர் உலகக் கோப்பைக்குத் தகுதிகூடப் பெறவில்லை. 1975-லிருந்து அவர்கள் இல்லாமல் நடந்த முதல் உலகக் கோப்பை அது. முதல் இரண்டு கோப்பைகளையும் வென்றவர்களே அவர்கள்தான்.

வழக்கமாக இதற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். கரீபியன் இளைஞர்கள் பாஸ்கெட்பால், தடகளம் பக்கம் போய்விட்டார்கள் என்பது ஒன்று. வீரர்களுக்குப் பணத்தாசை என்பது இன்னொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. கெயில், பொல்லார்ட், ரஸ்ஸல், நரைன், பூரன் என்று ஒரே காலகட்டத்தில் இத்தனை பேரைக் கொடுத்த மண்ணில் திறமை வற்றிவிட்டது என்று எப்படிச் சொல்வது? பணத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

என் பதில் இதுதான். டி20-இல் வென்றதற்கும் ஒருநாள் போட்டியில் தோற்றதற்கும் காரணம் ஒன்றே. வெஸ்ட் இண்டீஸ் வீரர்கள் குறைந்த ஓவர் ஆட்டத்தை எந்தக் காலத்திலும் சொந்த ஊரில் கற்றதில்லை, வெளியூரில்தான் கற்றார்கள். அன்று வெளியூர் அவர்களுக்கு ஒருநாள் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தது. இன்று இருபது ஓவரைச் சொல்லிக்கொடுக்கிறது.

எழுபதுகளைப் பாருங்கள். இங்கிலாந்தின் கவுண்டி அணிகளில், அதாவது அந்த ஊர் மாவட்ட அணிகளில், வெஸ்ட் இண்டீஸ்காரர்கள் நிறைந்திருந்தார்கள். கிளைவ் லாயிட் லங்காஷயரில். கிரீனிட்ஜும் ஆண்டி ராபர்ட்ஸும் ஹாம்ப்ஷயரில். விவ் ரிச்சர்ட்ஸும் ஜோயல் கார்னரும் சோமர்செட்டில். அங்கே அறுபது ஓவர் கோப்பை ஒன்று, ஞாயிற்றுக்கிழமைதோறும் நாற்பது ஓவர் லீக் ஒன்று என்று கோடை முழுக்க ஒருநாள் ஆட்டம்தான். அந்த அறுபது ஓவர் கோப்பையின் பெயர் ஜில்லட் கோப்பை; லார்ட்ஸில் நடந்த அதன் 1972 இறுதியில் லாயிட் 126 அடித்தார். மூன்று வருடம் கழித்து அதே லார்ட்ஸில் முதல் உலகக் கோப்பை இறுதி. 50 ரன்னுக்கு 3 விக்கெட் போயிருந்தபோது இறங்கி 85 பந்தில் 102. அவருக்கு அது புதுச் சூழலே இல்லை. எந்த ஓவரில் நிதானிக்க வேண்டும், எந்தப் பந்துவீச்சாளரைக் குறிவைக்க வேண்டும் என்பதெல்லாம் வருடக்கணக்கில் கைவந்திருந்தது.

1979 இன்னும் தெளிவான சான்று. ஜூனில் உலகக் கோப்பை இறுதி. ரிச்சர்ட்ஸ் 138 ஆட்டமிழக்காமல், கார்னர் 38 ரன்னுக்கு 5 விக்கெட். செப்டம்பரில் அதே லார்ட்ஸில் கவுண்டிகளுக்கான ஜில்லட் கோப்பை இறுதி. சோமர்செட்டுக்காக ரிச்சர்ட்ஸ் 117, கார்னர் 29 ரன்னுக்கு 6 விக்கெட். நாட்டுக்கு ஆடியதும் கவுண்டிக்கு ஆடியதும் ஒரே ஆட்டம்தான், சட்டை மட்டும் வேறு. அந்த உலகக் கோப்பை இறுதியைப் பற்றி எழுதுகிறவர்கள் ரிச்சர்ட்ஸையே எழுதுவார்கள். எனக்கு அதில் பிடித்தது காலிஸ் கிங். 99-க்கு 4 என்று தடுமாறியபோது வந்து 66 பந்தில் 86 அடித்தார். அவர் வெளுத்து வாங்கியபோது ரிச்சர்ட்ஸ் அடக்கி வாசித்தார். கிங் போனபிறகு ரிச்சர்ட்ஸ் ஆரம்பித்தார், கடைசிப் பந்து சிக்ஸர். இப்படி முறை வைத்து ஆடுவதுதான் ஒருநாள் கிரிக்கெட்.

நடுவில், ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர் வாரியங்களை மீறித் தனியாக நடத்திய உலகத் தொடர் வந்தது. அங்கே நல்ல சம்பளமும் கிடைத்தது, உடற்பயிற்சி ஒழுக்கமும் வந்தது. அதையும் வெளியே இருந்துதான் பெற்றார்கள்.

1983 இறுதியை நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 183 ரன்னைத் துரத்தி 140-க்குச் சுருண்டார்கள். அந்த ஆட்டத்தில் இரண்டு அணியிலும் சேர்த்து அதிகபட்சம் நம் ஸ்ரீகாந்த் அடித்த 38. ஆனால் அந்தத் தோல்வியோடு அவர்கள் கதை முடிந்தது என்று நினைப்பது தவறு. அதே வருடக் கடைசியில் இந்தியா வந்து ஒருநாள் தொடரை 5-0 என்று வென்றுவிட்டுப் போனார்கள். 1984-இல் ஓல்ட் டிராஃபோர்டில் இங்கிலாந்துக்கு எதிராக 166-க்கு 9 விக்கெட் விழுந்த நிலையில், ஹோல்டிங்கை எதிர்முனையில் நிறுத்தி ரிச்சர்ட்ஸ் 272-க்குக் கொண்டுபோனார். அவர் 189, ஹோல்டிங் 12. கடைசி விக்கெட்டுக்கு 106 ரன், இருவருமே ஆட்டமிழக்கவில்லை.

சரிவு தொண்ணூறுகளில் தொடங்கியது. ஒரு கவுண்டிக்கு ஒரே ஒரு வெளிநாட்டு வீரர் என்று இங்கிலாந்தில் சுருக்கினார்கள். சர்வதேசத் தொடர்களும் பெருகிவிட்டதால் முழுக் கோடையும் அங்கே ஆடுவது முடியாமல் போனது. அடுத்த தலைமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடிவிட்டது. வீட்டிலேயே ஒன்று கட்டியிருக்க வேண்டும், கட்டவில்லை. உள்நாட்டு ஐம்பது ஓவர் போட்டி இன்றுவரை சில வாரங்களில், ஓரிரு ஊர்களில் அவசரமாக நடந்து முடிகிறது. ஒரு இளம் பேட்ஸ்மேன் வருடத்துக்கு எத்தனை முறை இருபதாவது ஓவரிலிருந்து நாற்பதாவது ஓவர் வரை நின்று ஆடிப் பழக முடியும்?

1996 உலகக் கோப்பையில் விளைவு வெளிப்பட்டது. புனேயில் கென்யாவுக்கு எதிராக 167 இலக்கு, 93-க்கு ஆல் அவுட். பிறகு லாரா 111 அடித்து தென்னாப்பிரிக்காவை வீட்டுக்கு அனுப்பினார். அரையிறுதியில் மொஹாலியில் ஆஸ்திரேலியாவின் 207-ஐத் துரத்தும்போது 165-க்கு 2 விக்கெட். 202-க்கு எல்லாரும் அவுட், 5 ரன்னில் தோல்வி. ஒரே தொடரில் இந்த மூன்றும். லாரா என்ற மேதை இருந்தார், ரிச்சி ரிச்சர்ட்சன், சந்தர்பால் இருந்தார்கள். கடைசிப் பத்து ஓவரைக் கரைசேர்க்கும் பழக்கம் மட்டும் அணிக்குள் இல்லை.

விதிவிலக்காக 2004 சாம்பியன்ஸ் டிராபி இறுதியைச் சொல்லியே ஆக வேண்டும். லண்டன் ஓவல் மைதானம், எதிரணி இங்கிலாந்து, செப்டம்பர் மாலை, வெளிச்சம் மங்கிக்கொண்டே வருகிறது. 218 இலக்கு, 147-க்கு 8 விக்கெட். கோர்ட்னி பிரவுனும் இயன் பிராட்ஷாவும் ஒவ்வொரு ரன்னாகச் சேர்த்து 71 ரன் எடுத்து ஜெயித்துக் கொடுத்தார்கள். ஐவன் புயல் கரீபியன் தீவான கிரெனடாவைச் சின்னாபின்னமாக்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் அந்த வெற்றி அவர்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

அடுத்தது வாரியம். வெஸ்ட் இண்டீஸ் ஒரு நாடு அல்ல. பார்படாஸ், ஜமைக்கா, டிரினிடாட், கயானா, இரண்டு சிறு தீவுக் கூட்டங்கள் என ஆறு வாரியங்கள் சேர்ந்த அமைப்பு. வீரர்களுக்கும் வாரியத்துக்கும் சம்பளத் தகராறு தீர்ந்தபாடில்லை. 2009-இல் மூத்த வீரர்கள் விலகி நிற்க, பங்களாதேஷிடம் சொந்த மண்ணில் தோற்றார்கள். 2014 அக்டோபரில் தரம்சாலாவில் நான்காவது ஒருநாள் போட்டியை ஆடிவிட்டு, இந்தியத் தொடரைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். அப்போது கேப்டன் நம் சென்னை ரசிகர்களின் செல்லப்பிள்ளை டுவைன் பிராவோ. சில மாதத்தில் வந்த 2015 உலகக் கோப்பை அணியில் பிராவோவும் இல்லை, பொல்லார்டும் இல்லை. 23 வயது ஜேசன் ஹோல்டர் கேப்டன். நல்ல பையன், நல்ல ஆட்டக்காரர். ஆனால் அனுபவசாலிகளை வெளியே நிறுத்திவிட்டு அந்த வயதில் அவர் தலையில் அந்தச் சுமையை ஏற்றியது பெரிய அநியாயம்.

இப்போது டி20-க்கு வருவோம். 2012 கொழும்பு இறுதியில் முதல் பத்து ஓவரில் 32-க்கு 2. சாமுவேல்ஸ் இலங்கையின் மலிங்கா பந்தில் மட்டும் ஐந்து சிக்ஸர் அடித்து, 56 பந்தில் 78 எடுத்து ஆட்டத்தையே திருப்பினார். 2016-இல் இந்தியாவுக்கு எதிரான மும்பை அரையிறுதி இன்னும் பொருத்தமான உதாரணம். லெண்டில் சிம்மன்ஸ் அந்த அணியிலேயே இல்லை. ஆண்ட்ரே ஃபிளெட்சருக்குக் காயம் என்றதும் மாற்று ஆளாகப் பறந்து வந்தார். நேராக வான்கடேயில் இறங்கி 82 ஆட்டமிழக்காமல். இரண்டு முறை கேட்ச் கொடுத்தார், இரண்டும் நோ-பால். இன்னொரு முறை ஜடேஜாவின் கால் கயிற்றில் பட்டது. அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் 193 ரன்னைத் துரத்தும் ஒரு அணியில், முந்தாநாள் வந்து சேர்ந்தவர் போய்ப் பொருந்த முடிந்தது என்பதைக் கவனியுங்கள். ஐபிஎல் போன்ற லீக்குகளில் வருடம் முழுக்க எல்லாரும் அதே ஆட்டத்தைத்தான் ஆடுகிறார்கள். கூடி ஆட இரண்டு வாரம் போதும். இறுதியில் கடைசி ஓவருக்கு 19 ரன் வேண்டும் என்றபோது கார்லோஸ் பிராத்வெயிட் இங்கிலாந்தின் பென் ஸ்டோக்ஸ் வீசிய முதல் நான்கு பந்தையும் சிக்ஸருக்கு அனுப்பினார். கோப்பையை வாங்கும் முன் கேப்டன் டேரன் சமி பேசியதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், சீருடைக்கே அல்லாடிய நிலையில் வந்த அணி அது.

ஐம்பது ஓவரில் இந்த வித்தை செல்லாது. அதில் ஜெயிக்க நடு ஓவர்களில் ஒருவரையொருவர் புரிந்துகொண்டு ஆட வேண்டும். அதற்கு ஒன்றாகவே இருந்து ஆடிய வருடங்கள் வேண்டும்.

அதை அவர்களே ஒருமுறை நம் சேப்பாக்கத்தில் செய்து காட்டினார்கள். 2019 டிசம்பர், நான் மைதானத்தில் இருந்தேன். இந்தியா 287. வழக்கமான மந்தமான ஆடுகளம். 11 ரன்னில் முதல் விக்கெட் விழுந்ததும் கூட்டம் முடிவு தெரிந்தது போலக் கத்தியது. பிறகு ஹெட்மையரும் ஷாய் ஹோப்பும் 218 ரன் சேர்த்தார்கள். ஹெட்மையர் 106 பந்தில் 139, ஏழு சிக்ஸர். எல்லாரும் வாயைப் பிளந்து அதைத்தான் பார்த்தார்கள். ஹோப் எடுத்தது 151 பந்தில் 102. எனக்குப் பின்வரிசையில் ஒருவர் "என்னப்பா இவன் கட்டை போட்டுட்டே இருக்கான்" என்று சலித்துக்கொண்டார். ஆனால் குல்தீப், ஜடேஜா இருவரின் ஓவர்களையும் ஆபத்தில்லாமல் ஓட்டியது அந்தக் கட்டைதான். ஒவ்வொரு ஓவரிலும் ஒரு ரன்னைத் தட்டிவிட்டு ஹெட்மையரிடம் ஆட்டத்தைக் கொடுத்தார். 48-ஆவது ஓவரில், 8 விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. 1979-இல் கிங்கும் ரிச்சர்ட்ஸும் செய்தது இதுவேதான். அதைத் தொடர்ந்து செய்யும் அளவுக்கு அந்த அணி ஒன்றாக நிலைக்கவில்லை.

2023 தகுதிச் சுற்று, ஹராரே. நெதர்லாந்துக்கு எதிராக பூரன் சதமடித்து 374 எடுத்தார்கள், அவர்களும் 374 எடுத்துவிட்டார்கள். ஆட்டம் சமனானதால் ஆளுக்கு ஒரு ஓவர் என்று வைத்த சூப்பர் ஓவரில் நெதர்லாந்தின் லோகன் வான் பீக் ஹோல்டரின் ஆறு பந்திலும் பவுண்டரி, சிக்ஸர் என 30 ரன் அடித்தார், பிறகு தானே பந்து வீசி வெஸ்ட் இண்டீஸை முடித்தும் வைத்தார். ஜூலை 1 அன்று ஸ்காட்லாந்திடம் 181-க்கு ஆல் அவுட், 7 விக்கெட் தோல்வி, கதை முடிந்தது. ஸ்காட்லாந்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிராண்டன் மெக்மல்லன் புதுப் பந்தில் மூன்று விக்கெட் எடுத்துவிட்டு 69 ரன்னும் அடித்தார். அந்தத் துரத்தலில் ஸ்காட்லாந்திடம் இருந்த பொறுமைதான் வெஸ்ட் இண்டீஸிடம் இல்லாமல் போயிருந்தது.

பணத்தாசை விஷயத்துக்கு வருகிறேன். சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசியின் வருமானத்தில் இப்போதைய பங்கீட்டின்படி இந்தியாவுக்கு 38.5 சதவீதம், வெஸ்ட் இண்டீஸுக்கு 5 சதவீதம்கூட இல்லை. அதை வைத்துக்கொண்டு தீவுக்குத் தீவு விமானத்தில் ஆளை ஏற்றி இறக்க வேண்டும். லீக்கில் சில வாரத்தில் கிடைப்பதை அந்த வாரியத்தால் ஒரு வருடத்துக்குக் கூடக் கொடுக்க முடியாது. பூரன் 29 வயதில் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்து வருடம் மட்டுமே சம்பாதிக்க முடிகிற தொழிலில் இருப்பவரிடம் தியாகம் செய் என்று கேட்பது எளிது. கேட்கிறவர்கள் பங்கீட்டை மாற்றச் சொல்லிக் கேட்கட்டும்.

நம்பிக்கை இல்லையா என்றால், இருக்கிறது. ஹோப் கேப்டன், சமி பயிற்சியாளர், இருவரும் 2023-லிருந்து சேர்ந்து ஒரே அணியைக் கட்டிவருகிறார்கள். 2023 கடைசியில் இங்கிலாந்தை, 2024 கடைசியில் பங்களாதேஷை சொந்த மண்ணில் வென்றார்கள். 2025 ஆகஸ்டில் பாகிஸ்தானுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் ஹோப் 120 ஆட்டமிழக்காமல், ஜெய்டன் சீல்ஸ் 18 ரன்னுக்கு 6 விக்கெட், 202 ரன் வித்தியாசத்தில் வெற்றி. அதற்கு முன் பாகிஸ்தானிடம் ஒருநாள் தொடரை அவர்கள் கடைசியாக வென்றது 1991-இல். அக்டோபரில் மிர்பூரில் பங்களாதேஷுக்கு எதிராக ஐம்பது ஓவரையும் சுழற்பந்தாகவே வீசி, ஆட்டத்தைச் சமன் செய்து சூப்பர் ஓவரில் வென்றார்கள். கார்னரும் ஹோல்டிங்கும் ஆடிய அணி ஆடுகளத்தைப் பார்த்து இப்படி ஒரு முடிவெடுத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கேசி கார்ட்டி மாதிரி நின்று ஆடும் ஒருவர் மூன்றாம் இடத்தில் கிடைத்திருக்கிறார்.

2027 உலகக் கோப்பை தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியாவில். 2027 மார்ச் கடைசியில் தரவரிசையில் முதல் எட்டு இடத்தில் இருப்பவர்கள் நேராகப் போகலாம். போட்டியை நடத்தும் தென்னாப்பிரிக்காவுக்கு எப்படியும் இடம் உண்டு என்பதால், அது அந்த எட்டுக்குள் இருந்தால் ஒன்பதாவது அணிக்கும் கதவு திறக்கும். அதற்குள் வரும் ஒவ்வொரு ஒருநாள் தொடருக்கும் இதே ஆட்களை விடாமல் இறக்க வேண்டும். லீக் தேதிகளோடு மோதினால் வாரியம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும்.