வேலிக்கு அந்தப் பக்கம்

கேள்வி: கொடைக்கானல் தூண் பாறைக்குப் போயிருந்தேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்தால் படமே தேற மாட்டேன் என்கிறது. நான் செல்ஃபி கூட்டம் இல்லை, பத்து வருடமாகக் கேமராவும் ட்ரைபாடுமாக அலைகிறவன். எங்களைப் போன்றவர்களையாவது விளிம்பு வரை விடக் கூடாதா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: செல்ஃபி எடுப்பவருக்காவது தன் முதுகுக்குப் பின்னால் பள்ளம் இருப்பது திரையில் தெரிகிறது. உங்களுக்கு அதுவும் கிடையாது. ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணை வியூஃபைண்டரில் வைத்ததுமே உங்கள் காலடி உங்கள் பார்வையில் இல்லை. வைட் ஆங்கிள் லென்ஸ் மாட்டியிருந்தால் பக்கத்திலிருக்கும் பாறை நுனிகூட எங்கோ தள்ளி இருப்பதுபோல் தோன்றும். அப்புறம், 'அந்தக் கிளை மறைக்கிறதே' என்று கால் தானாகப் பக்கவாட்டில் ஓரடி நகரும். உங்கள் பத்து வருட அனுபவமெல்லாம் கண்ணில்தான் சார், காலில் இல்லை.

2015இல் இலங்கை ஹோர்ட்டன் சமவெளியில், 'உலக முடிவு' என்கிற 800 மீட்டருக்கும் மேற்பட்ட செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில், தேனிலவுக்கு வந்திருந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் மனைவியைப் படமெடுத்தார். பின்னால் நகர்ந்தார், விழுந்துவிட்டார். அதுவும் செல்ஃபி இல்லை. சுமார் 40 மீட்டர் கீழே ஒரு மரம் தாங்கியதால் பிழைத்தார். ராணுவத்தினர் கயிறு கட்டி இறங்கி மேலே கொண்டுவந்தார்கள். மரம் இருக்கிற இடமாகப் பார்த்து விழ எல்லோருக்கும் வாய்க்காது.

தூண் பாறை சுமார் 400 அடி உயரம், அதாவது 120 மீட்டர். வெறும் 30 மீட்டர் விழுவதற்கே இரண்டரை வினாடி போதும். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல். மஞ்சு பட்டுப்போல் ஓடுவதைக் காட்ட ஷட்டரைச் சில வினாடிகள் திறந்தே விட்டு லாங் எக்ஸ்போஷர் வைப்பீர்களே, அது முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த மஞ்சுதான் பாறையில் பாசியையும் வளர்க்கிறது. புல் மூடிய விளிம்பு இன்னும் மோசம். அடியில் இருப்பது பாறையா, வெறும் மண்ணும் வேருமா என்று மேலே நின்று சொல்ல முடியாது.

சரி, படம் தேறவில்லை என்றீர்கள். விளிம்பில் நின்றால் மட்டும் ஃபிரேமில் என்ன இருக்கும்? எதிரே மலை, நடுவில் வெறும் காற்று. அதில் ஆழம் எப்படித் தெரியும்? ஆழம் தெரிய வேண்டுமானால் கிட்டத்தில் ஏதாவது ஒன்று படத்துக்குள் இருக்க வேண்டும். பின்னால் வந்து, குத்தவைத்து உட்கார்ந்து, அந்த விளிம்பையே முன்னால் வைத்து எடுத்துப் பாருங்கள். வேலிக்கம்பி மறைக்கிறதா? தூரத்தைக் கிட்டே இழுக்கும் டெலி லென்ஸைக் கம்பியோடு ஒட்டிவைத்து, அபர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துவாரத்தை, நன்றாகத் திறந்தால் கம்பி கரைந்துபோகும். வெயில் சாய்ந்து விழும் நேரமானால் தூணில் உள்ள ஒவ்வொரு வெடிப்பும் தெரியும்.

மற்றபடி, அனுபவசாலிகளுக்கு மட்டும் அனுமதி என்று போர்டு வைத்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலில் அனுபவம் இல்லாதவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

படத்தை அனுப்புங்கள். நன்றாக இருந்தால் அட்டையிலேயே போடுகிறோம், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்ததாக இருந்தால்.